சங்கிலி வியாபாரமும் யாழ்ப்பாணச் சமுதாயமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். உயர்தரப் பரீட்சையில் வர்த்தகப் பிரிவிற் சித்தியடைந்தும் பல்கலைக்கழகம் புக வெட்டுப்புள்ளி இடங்கொடாத பல்லாயிரவருள் ஒருவன். தேநீர் அருந்தியதும் கையிலிருந்த கொப்பியை விரித்தான். ஒரு வட்டம் கீறி அதற்குள் என் பெயரை எழுதினான். அதன் கீழ் ஐந்து வட்டங்கள். அந்த ஐந்தின் கீழும் ஐவைந்து வட்டங்கள். தாளில் இடம் போதாமற் போனபோது நிமிர்ந்து, "சேர், நீங்கள் அஞ்சு பேரைச் சேர்த்தாற் போதும். மிச்சத்தை அவையள் பாப்பினம்" என்றான்.

நான் சேரவில்லை. "இது சூதாட்டம், விட்டுவிடு" என்று கூறி அனுப்பிவிட்டேன். அந்த மறுமொழி தவறானது என்று இன்று எனக்குத் தோன்றுகின்றது. அவன் சூதாடி அல்லன். கணக்கியலில் நல்ல புள்ளி எடுத்தவன், உழைக்கப் பின்நில்லாதவன். அத்தகைய ஒருவன் அந்த வட்டங்களை ஏன் நம்பினான் என்ற வினாவை நான் அன்று எழுப்பியிருக்க வேண்டும். அவ்வினாவுக்குரிய விடை அவனுடைய குணத்தில் இல்லை. நமது குடாநாட்டின் வரலாற்றில் இருக்கின்றது.

'நெட்வேர்க் மார்க்கெட்டிங்' என்றும், பிரமிட் திட்டம் என்றும், சங்கிலி வியாபாரம் என்றும் பல பெயர்களில் வழங்கும் இத்தொழிலிற் சேர்ந்தவர்களுட் பெரும்பாலானோர் கைப்பொருளை இழந்தே வெளியேறுகின்றனர். இதற்கு இரு விளக்கங்கள் நம்மிடையே புழங்குகின்றன. மண்டபங்களிற் பயிற்சி நடத்துவோர், தோற்றவன் முயலவில்லை, அவனுக்கு நம்பிக்கை போதவில்லை என்பர். வீட்டிலுள்ள பெரியோர், தோற்றவன் பேராசைப்பட்டான் என்பர். ஒன்றுக்கொன்று எதிரானவைபோற் தோன்றும் இவ்விரு விளக்கங்களும் உண்மையில் ஒன்றேயாம். இரண்டும் குற்றத்தைத் தனிமனிதன் தலையிற் சுமத்திவிட்டு, அமைப்பை விசாரணையின்றி விடுதலை செய்கின்றன.

அமைப்பை விசாரிக்க உயர்ந்த கணிதம் வேண்டியதில்லை. ஒருவர் ஐவரைச் சேர்க்கின்றார். அவர்கள் ஒவ்வொருவரும் ஐவரைச் சேர்க்கின்றனர் என்று கொள்வோம். நான்காம் படியில் 625 பேர் நிற்பர். மேலே உள்ளவர்களையும் கூட்டினால் மொத்தம் 781 பேர். அதாவது நூற்றுக்கு எண்பது பேர் கடைசிப் படியில், தமக்குக் கீழ் ஒருவருமின்றி நிற்கின்றனர். இன்னும் ஒரு படி கூட்டுவோம். கடைசிப் படியில் 3,125 பேர். மொத்தம் 3,906 பேர். மீண்டும் நூற்றுக்கு எண்பது. எந்தப் படியில் நிறுத்தினாலும், எத்தனை பேர் எவ்வளவு பாடுபட்டாலும், ஐந்தில் நால்வர் அடியிலேயே இருப்பர். அவர்கள் சோம்பேறிகளாயிருந்தாலும் நால்வர், ஊக்கமுள்ளவர்களாயிருந்தாலும் நால்வர். ஊக்கத்தினால் ஒருவன் அந்த நால்வரிலிருந்து தப்பலாம். ஆனால் அவன் தப்புவதற்கு இன்னும் ஐவர் அந்த இடத்துக்கு வந்தாக வேண்டும்.

இனி, படிகள் முடிவின்றி நீளவும் முடியாது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை ஐந்து இலட்சத்து எண்பதாயிரத்துக்குச் சற்று மேல். அந்தக் கொப்பியில் என் மாணவன் கீறிய வட்டங்கள் எட்டாம் படியில் 390,625 ஆகும். ஒன்பதாம் படிக்குப் பத்தொன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேண்டும். தொட்டிலிற் கிடக்கும் குழந்தையையும் சேர்த்தாலும் மாவட்டம் போதாது. பதினோராம் படிக்கு இலங்கைத் தீவே இரண்டு வேண்டும்.

'நாங்கள் ஆட்சேர்ப்பதில்லை, பொருளே விற்கின்றோம்' என்று சிலர் வாதிடுவர். பொருள் இருக்கின்றது என்பது மெய்தான். சத்து மாத்திரை, பற்பசை, காந்த வளையல், தங்க நாணயம் என ஏதோ ஒன்று இருக்கும். ஆனால் அப்பொருளின் விலையை நோக்குக. அதை விற்றவனுக்கும், அவனைச் சேர்த்தவனுக்கும், அவனுக்கு மேலுள்ள படிகளுக்கும் கழிவு கொடுக்க வேண்டுமாயின் அவ்வளவும் விலைக்குள் அடங்கியிருக்க வேண்டும். திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகம் சந்தையிலோ பக்கத்துக் கடைப் பொருளோடு அது போட்டியிட்டு நிற்க முடியாது. ஆகவே அது சந்தைக்கு வருவதேயில்லை, முன்விறாந்தைக்கு வருகின்றது. அங்கே விலையை ஒப்பிட எவருமில்லை. அங்கு விலைபோவது மாத்திரையன்று. கொண்டுவந்தவர் மச்சாள் என்ற உறவு. இறுதியில் அப்பொருளை வாங்குவோர் பெரும்பாலும் திட்டத்திற் சேர்ந்தவர்களே. மேற்படியிலிருப்பவனின் வருமானம் கீழ்ப்படியிலிருப்பவனின் முதலாகும்.

இத்தொழில் பிறந்த நாட்டிலும் கதை வேறன்று. 1945 இல் கலிபோர்னியாவில் நியூட்ரிலைட் என்னும் சத்து மாத்திரையை விற்க வகுக்கப்பட்ட முறையே இதன் மூலம் என்பர். அம்மாத்திரையை விற்று அனுபவம் பெற்ற இருவர் 1959 இல் மிச்சிகனில் அம்வே நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் முறை சட்டவிரோதமான பிரமிட் அன்று என்று 1979 இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை உலகெங்குமுள்ள சங்கிலி வியாபாரிகள் இன்றுவரை நற்சாட்சிப் பத்திரம்போல் ஏந்தித் திரிகின்றனர். அதே ஆணைக்குழுவின் அலுவலர்கள் 2024 இல் இத்தகைய நிறுவனங்கள் தாமே வெளியிட்ட 70 வருமான அறிக்கைகளை ஆராய்ந்தனர். அவற்றுட் பெரும்பாலானவற்றின்படி, சேர்ந்தோரிற் பெரும்பான்மையினர் பெற்றது ஆண்டொன்றுக்கு 1,000 டொலர் அல்லது அதற்குங் குறைவு. மாதத்துக்கு 84 டொலரும் இல்லை. அதுவும் செலவு கழிக்காத கணக்கு. இவை வழக்குத் தொடுத்தவர்கள் கூறிய எண்கள் அல்ல. நிறுவனங்களே எழுதிய எண்கள்.

கணக்கு இவ்வளவு தெளிவாயிருக்க, கணக்கிற் கெட்டிக்காரரெனப் பெயரெடுத்த யாழ்ப்பாணத்தவர் அதை ஏன் போட்டுப் பார்க்கவில்லை? இங்கேதான் நாம் நமது வரலாற்றுக்குத் திரும்ப வேண்டியிருக்கின்றது.

1816 இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவினர். அடுத்து வந்த தசாப்தங்களில் குடாநாட்டில் ஆங்கிலக் கல்வி பெற்ற ஒரு கூட்டம், குறுகிய நிலமும் கல்நிலமும் தாங்கக்கூடிய அளவை விஞ்சிப் பெருகியது. நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியர் மலாயாவில் வெள்ளீயச் சுரங்கம் தோண்டி, ரயிற்பாதை போட்டு, பின் றப்பர் நட்டபோது, ஆங்கிலம் அறிந்த லிகிதர்களும் ஸ்டேசன் மாஸ்டர்களும் நில அளவையாளரும் அவர்களுக்கு வேண்டியிருந்தனர். முதலில் ஊருக்கு ஒருவர் இருவர் கப்பலேறினர். போனவர் வேலையில் அமர்ந்ததும் தம்பியை அழைத்தார்; தம்பி மைத்துனனை அழைத்தான்; மைத்துனன் ஊரில் அயல்வீட்டுப் பொடியனுக்கு ஓர் இடம் பார்த்தான். மாதந்தோறும் வந்த மணியோடர் கல்வீடு கட்டியது. சகோதரிக்குச் சீதனம் கொடுத்தது. ஒற்றி வைத்த காணியை மீட்டது. 'மலாயாப் பென்சன்காரர்' என்ற ஒரு வகுப்பே நமது கிராமங்களில் உருவாகியது. அந்தப் பணம் மலாயாத் தோட்டத்திலும் சுரங்கத்திலும் முதுகொடிந்த தமிழ், சீனத் தொழிலாளரின் உழைப்பிலிருந்து பிறந்தது என்பதை அந்தக் கல்வீடுகளில் அதிகம் எவரும் பேசியதாகத் தெரியவில்லை. 1942 இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றிய பின் மணியோடர் நின்றபோது எத்தனை அடுப்புகள் அணைந்தன என்பதும் விரைவில் மறக்கப்பட்டது. 1983 க்குப் பின்னர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்ற பெரும் புலப்பெயர்வும் இதே வழியிலேயே நடந்தது. அது உயிர் தப்பும் ஓட்டம். ஆயினும் முன்னே போனவன் பின்னே வருபவனை இழுத்தெடுக்கும் சங்கிலி அதேதான்.

ஆகவே, 'ஒருவன் சேர்ந்தால் அவனுக்குப் பின் ஐவர் சேர்வர். குடும்பமே மேலெழும்' என்ற சொல் யாழ்ப்பாணத்தவன் காதில் மாயமொழியாக விழவில்லை. அவனுடைய பாட்டனின் அனுபவமாகவே விழுந்தது. அவன் தன் கண்ணால் கண்ட உண்மை அது. வேறுபாடு ஒன்றே, அதுவோ தலைகீழானது. மலாயாச் சங்கிலியில் முன்னே போனவன் பின்னே வந்தவனைத் தூக்கிவிட்டான். சங்கிலியின் அந்தத்தில் எவரோ கொடுக்கும் சம்பளம் இருந்தது. வியாபாரச் சங்கிலியில் பின்னே வருபவன் முன்னே வந்தவனைத் தூக்கிவிட வேண்டும். அந்தத்தில் எவரும் இல்லை. பழைய சங்கிலி வெளியிலிருந்து பணத்தை ஊருக்குள் இழுத்தது. புதிய சங்கிலி ஊருக்குள் இருந்த பணத்தை வெளியே இழுக்கின்றது.

இன்னொரு பழக்கத்தையும் இவ்விடத்திற் குறிப்பிடல் வேண்டும். அது சீட்டு. பத்துப் பேர் மாதம் ஆயிரம் ரூபா போட, மாதம் ஒருவர் பத்தாயிரத்தை எடுப்பார். பத்தாம் மாதத்தில் சீட்டு முடிந்துவிடும். ஏலச் சீட்டாயின் அவசரக்காரர் குறைத்து எடுப்பார். பொறுத்திருப்பவர் சற்றுக் கூடுதலாகப் பெறுவார். சீட்டு முறிவதும் உண்டு. நடத்தியவர் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போனதும் உண்டு. எனினும் அதன் கணக்கு நேர்மையானது. போட்ட பணத்துக்கு மேல் ஒரு சதமும் அங்கு பிறப்பதாக எவரும் கூறுவதில்லை. ஆட்தொகை முன்கூட்டியே தெரியும்; முடிவு நாளும் தெரியும். அதைத் தாங்கி நிற்பது பத்திரமோ முத்திரையோ அன்று; ஒருவர் முகத்தை ஒருவர் நாளையும் பார்க்க வேண்டும் என்ற நிலையே.

இந்த நாணயத்தை விரிந்த அளவில் அமைப்பாக்கியதே கூட்டுறவு இயக்கம். 1911 ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தபின் குடாநாட்டிற் கிராமந்தோறும் ஐக்கிய நாணய சங்கங்கள் எழுந்தன. 1929 இல் யாழ்ப்பாணத்துக்கென ஒரு கூட்டுறவு மாகாண வங்கி தோன்றியது. 1930களில் மூளாயில் மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே நிறுவினர். மலையாளத்துக்கு அனுப்பும் புகையிலையை இடைத்தரகரின்றி விற்கச் சங்கம் அமைத்தனர். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த வீ. வீரசிங்கம் போன்ற ஆசிரியர்கள் இவ்வியக்கத்திற் பாடுபட்டனர். நகரத்து வீரசிங்கம் மண்டபம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நாணய சங்கத்தில் ஒருவன் கடன் கட்டத் தவறினால் அவனுடைய அயலவன் பொறுப்பு. சங்கிலி வியாபாரத்திலோ ஒருவன் தோற்றால் அயலவனுக்கு அது இலாபம்.

ஆயின் இப்பழைய அமைப்புகளைப் பொற்காலமாகப் பாடவும் நாம் முற்படலாகாது. நாணயம் என்பது யாழ்ப்பாணத்தில் சாதியின் வேலிக்குள் வளர்ந்த பயிர். சீட்டும் சங்கமும் பெரும்பாலும் அவ்வேலியைத் தாண்டவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்று போராட வேண்டியிருந்த மக்களுக்கு நாணய சங்கத்து வாசல் எவ்வளவு அகலமாய்த் திறந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மரமேறும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் 1970களிலேயே வலுப்பெற்றன. சங்கிலி வியாபாரிகளின் மண்டபத்திலோ, கழுத்துப்பட்டி கட்டி மேடையேறிய எவனும் 'சேர்', எவளும் 'மெடம்'. ஊரிற் பெயர் சொல்லிக்கூட அழைக்கப்படாதவனுக்கு அந்தக் கைதட்டல் எவ்வளவு இனித்திருக்கும்! அந்தக் கவர்ச்சியைப் பேராசை என்று எழுதிவிடுவது அநியாயம்.

இப்போது அண்மைக் காலத்துக்கு வருவோம். 1970 இல் வந்த அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது நமது மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை கிடைத்தது. படித்த இளைஞரும் தோட்டத்தில் இறங்கினர். 1977 இன் பின் கதவு திறக்கப்பட்டதும் அந்த விலை வீழ்ந்தது. அதைத் தொடர்ந்து யுத்தம், பொருளாதாரத் தடை, 1995 இன் இடம்பெயர்வு. 2002 இல் ஏ-9 பாதை திறந்து 2006 இல் மூடியது. 2009 இல் யுத்தம் முடிந்தபோது குடாநாட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தவை தொழிற்சாலைகள் அல்ல. வங்கிக் கிளைகள், லீசிங் கொம்பனிகள், நுண்கடன்காரர். கடன் வந்தது, உற்பத்தி வரவில்லை. 2018 இல் அரசே தலையிட்டு வரட்சி மாவட்டங்களிற் பெண்களின் சிறு நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு அது முற்றியது.

மூடிக் கிடந்த ஒரு சமுதாயம் திடீரெனச் சந்தைக்குத் திறக்கப்படும்போது இத்தகைய திட்டங்கள் செழிப்பதை உலகம் வேறிடத்திலும் கண்டிருக்கின்றது. அல்பேனியாவில் பழைய அமைப்பு வீழ்ந்து சில ஆண்டுகளில், மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பிரமிட் நிறுவனங்களிற் பணமிட்டனர். வீட்டை விற்றும் ஆட்டை விற்றும் இட்டனர். 1997 இல் அவை சரிந்தபோது அரசு கவிழ்ந்தது. கலவரத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் மாண்டனர். அந்த இரண்டாயிரம் பேரும் பேராசைக்காரர் என்று எவரும் எழுதவில்லை.

நம் நாட்டிற் சட்டம் இல்லாமலில்லை. 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தில் 2005 இல் 83இ என்னும் பிரிவு புகுத்தப்பட்டது. பணம் கட்டிச் சேர்ந்தவன் பெறும் பயன் பெரும்பாலும் மேலும் ஆட்கள் சேர்வதையோ அவர்கள் பணம் கட்டுவதையோ பொறுத்திருக்குமாயின், அத்திட்டத்தைத் தொடங்குவதும் நடத்துவதும் மட்டுமன்றி, அதை முன்மொழிவதும் பிரசாரம் செய்வதும் குற்றமாகும். ஆனால் 2022 இல் ரூபா சரிந்து, டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டி, அவ்வாண்டு செப்டெம்பரிற் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தபோது, சம்பளத்தில் வாழ முடியாதென்று கண்டவர்களை இத்திட்டங்கள் புதிய வேகத்தோடு தேடி வந்தன. மண்டபமும் கழுத்துப்பட்டியும் போய்க் கைத்தொலைபேசிச் செயலி வந்தது. தடைசெய்யப்பட்ட திட்டங்கள் எனச் சில பெயர்களை 2023 இல் மத்திய வங்கி வெளியிட்டது, எம்.ரி.எவ்.ஈ., ஒன்மாக்ஸ் டி.ரி. முதலிய பெயர்கள் அப்பட்டியலில் இடம்பெற்றன. பட்டியல் பின்னர் நீண்டுகொண்டே சென்றது.

சட்டத்தின் அந்த வாசகத்தை மீண்டும் கூர்ந்து நோக்குமாறு ஆசிரிய நண்பர்களை வேண்டுகின்றேன். 'முன்மொழிவதும்' குற்றம். என் மாணவன் என் விறாந்தையில் வட்டம் கீறியபோது அவன் ஏமாற்றப்பட்டவன். அதே கணத்திற் குற்றவாளியுமானான். இத்தொழிலின் மிகக் கொடிய நுட்பம் இதுவே. இழந்தவன் ஒவ்வொருவனையும் அது இன்னொருவனின் இழப்புக்குக் கையொப்பமிட வைக்கின்றது. கொம்பனியின் தலைவன் எங்கோ கடல் கடந்திருப்பான். கீழ்ப்படியில் நிற்பவன் கண்ட ஒரே முகம், அவர்கள் பாஷையில் 'அப்லைன்' எனப்படும் முகம், தன் வீட்டுக் கலியாணத்தில் முன்வரிசையில் இருந்து சாப்பிட்ட முகமாகவே இருக்கும்.

அவன் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து மீண்டும் வந்தான். இம்முறை கொப்பி இல்லை. சேர்ந்த நாளில் நூறு பேரின் பெயர்களைப் பட்டியலிட்டுத் தரச் சொன்னார்களாம். அந்த நூறு பேரில் மூவர் சேர்ந்தனர்: தாயார், பள்ளித் தோழன் ஒருவன், ஒன்றுவிட்ட அக்கா. தாயாரின் காப்பு அடகில் இருந்தது. தோழன் இப்போது அவனைக் கண்டால் மற்றத் தெருவால் போகின்றானாம். "நான் சரியாய் முயற்சி செய்யேல்ல சேர்" என்று இருமுறை கூறினான். நான் ஒரு தாளை எடுத்து, அன்று கூறியிருக்க வேண்டிய கணக்கை, 625 ஐயும் 781 ஐயும், அப்போதுதான் அவனோடு சேர்ந்து போட்டேன். நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொலிசில் ஒரு முறைப்பாடு எழுதலாம், நானும் கூட வருகின்றேன் என்றேன். அவன் தலையசைத்து மறுத்துவிட்டான். முறைப்பாட்டில் தன்னைச் சேர்த்தவர் பெயரை எழுத வேண்டும். சேர்த்தவர் அவனுடைய அத்தான்.